உள்பக்கம் திருப்பிப் பாருங்க: உழைக்கிற துணி பொண்ணுங்க ஃபேஷனா மாறும்போது

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஜாக்கெட் வாங்கினேன், கருநீலத் துணி, முன்பக்கம் பூரா அரிசி அரிசியா வெள்ளைத் தையல், கை தொளதொளன்னு, ஜப்பான் விவசாயிங்க வயல்ல போடுற மேல்சட்டை மாதிரியே இருந்துச்சு. டேக்ல ஹேண்ட்மேட் இன்ஸ்பயர்டுன்னு போட்டிருந்தாங்க. வீட்டுக்கு வந்து ஆசையா உள்பக்கம் திருப்பிப் பாத்தா அங்க ஒரு தையல்கூட இல்ல, வெறும் நீலம். வெளில தெரிஞ்சது பிரிண்ட். கோவத்தைவிட வருத்தம்தான் அதிகமா வந்துச்சு, ஏன்னா அந்தத் தையல் எதுக்குப் போடறாங்கன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும், குளிர் உள்ள வராம இருக்கவும் துணி இன்னும் நாலு வருஷம் தாங்கவும் போட்டது அது, அழகு அதுக்குப் பின்னாடி வந்து சேந்துகிட்டது.

வேலைத்துணியை எடுத்து பொண்ணுங்க போடற ஃபேஷன் உடுப்பா மாத்தறது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சது இல்ல, நூறு நூத்தம்பது வருஷமா நடக்குது. நல்லாவும் நடந்திருக்கு, மோசமாவும் நடந்திருக்கு. எது நல்லது எது மோசம்னு பிரிச்சுப் பாக்க நான் வச்சிருக்கற அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான். வேலைத்துணியில இருக்கற ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு தையலும் ஏதோ ஒரு கஷ்டத்துக்குக் கண்டுபிடிச்ச பதில், துணி கிடைக்கல, உடம்பு குனிஞ்சு நிமிரணும், முழங்கையும் தோளும் சீக்கிரம் தேயுது, குளிருது, இந்த மாதிரி. புது உடுப்புக்கு அந்தப் பதில் கூடவே வந்துச்சா, இல்ல அதோட நிழல் மட்டும் வந்துச்சா? இதைத்தான் பாக்கணும்.

அந்த வெள்ளைத் தையல்ல இருந்தே ஆரம்பிக்கறேன். ஜப்பானோட வடக்குக் கோடியில, இன்னைக்கு அவோமோரி மாகாணம்னு சொல்ற இடத்துல சுகாருன்னு ஒரு பகுதி. பனி கொட்டுற ஊரு, அவ்ளோ வடக்குல பருத்தி விளையாது. அங்க ஆண்ட நிர்வாகம் 1724-ல ஒரு சிக்கனச் சட்டம் போட்டு விவசாயிங்க பருத்தி உடுத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அப்ப என்ன போடறது? சணல் மாதிரி நார்ல நெஞ்ச முரட்டுத் துணி, அதையும் இழைக்கு இழை இடைவெளி தெரியற மாதிரி நெஞ்சிருப்பாங்க, கோடைக்கு ஓகே, பனிக்கு அது வலை மாதிரி, காத்து நேரா உள்ள வந்துடும். அந்த ஊர்ப் பொண்ணுங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா, துணியா போடத்தானே தடை, பருத்தி நூலா கிடைக்கறதை வாங்கி துணியோட இழைகளுக்கு நடுவுல ஊசியால கோத்துக் கோத்து அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிட்டாங்க. அதுக்குப் பேர்தான் கோகின்.

எப்படித் தைப்பாங்கன்னு பாத்தா இன்னும் ஆச்சரியமா இருக்கும். துணியோட இழையை எண்ணி எண்ணி ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒற்றைப்படையில எடுத்து ஊசியை விடுவாங்க, அதுனால டிசைன் தானா சாய்சதுரமா, நெட்டையா வரும். பக்கத்துலயே நம்பு பகுதியில இதே வேலையை இரட்டைப்படையில எண்ணி செய்வாங்க, அங்க சாய்சதுரம் குட்டையா பக்கவாட்டுல விரிஞ்சு வரும், அதுக்குப் பேர் ஹிஷிஸாஷி. வெறும் எண்ணிக்கை மாறினதால ரெண்டு ஊரோட முகமே மாறிடுது பாருங்க. அந்தச் சின்னச் சின்ன டிசைனுக்கெல்லாம் அந்த ஊர்ப் பேச்சுலயே பேரு இருக்கு, பூனைக் கண்ணு, அவரை விதை, பூ, மாடு, வால்நட் ஓடு. எல்லாமே கண்ணு முன்னாடி இருக்கற சாமான். டிசைன் புஸ்தகம் பாத்து வந்தது இல்ல, பனியில வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு விளக்கு வெளிச்சத்துல உக்காந்திருந்த பொண்ணுங்க தலைக்குள்ள இருந்து வந்தது.

சட்டையில எங்க தையல் நெருக்கமா இருக்குன்னு பாருங்க, மார்பு, முதுகு, தோளு. சுமை தூக்கற இடத்துல கயிறு உரசும், அங்க இன்னும் நெருக்கம். அழுக்காகி வெள்ளை நூல் மங்கிப் போச்சுன்னா தூக்கிப் போட மாட்டாங்க, சட்டையை அப்படியே நீலச்சாயத்துல முக்கி கருப்பா மாத்திடுவாங்க, வயசானவங்க அதைப் போட்டுக்குவாங்க. சில சட்டையில தேஞ்ச தையலுக்கு மேலயே ரெண்டாவது தடவை தச்சிருக்காங்க. அப்புறம் 1891-ல டோக்கியோவுல இருந்து அவோமோரி வரைக்கும் ரயில் வந்துச்சு, அதோட பருத்தித் துணியும் மலிவா வந்து இறங்குச்சு, பொண்ணுங்க கோகினை விட்டுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவே முடியாது, எத்தனை தலைமுறையா கண்ணு போகத் தச்சவங்க, மெத்துனு ஒரு பருத்தித் துணி கிடைச்சா யாருதான் விடமாட்டாங்க. 1930கள்ல யானகி சோயெட்சுன்னு ஒரு சிந்தனையாளர், நாட்டுப்புறக் கைவினைக்கு ஜப்பான்ல பெரிய இயக்கமே நடத்தினவர், இதைப் பாத்து வியந்து எழுதினப்ப கோகின் ஏறக்குறைய அழிஞ்சே போயிருந்துச்சு. இன்னைக்கு ஹிரோசாகி நகரத்துல கோகின் ஆராய்ச்சி நிலையம்னு ஒண்ணு இருக்கு, அங்க இருந்து உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கு வேலை கொடுத்து பர்ஸ், பை, டை மாதிரி சாமானெல்லாம் தைக்க வைக்கறாங்க.

அதே அவோமோரியில இன்னொண்ணு, போரோ. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கந்தல்தான். ஒசாகா பக்கத்துல இருந்து மேற்குக் கடற்கரை வழியா போற சரக்குக் கப்பல்ல பழைய பருத்தித் துணி வடக்குக்கு வரும், யாரோ போட்டுக் கழிச்சது, அதை வாங்கி ஒட்டு மேல ஒட்டா தச்சுத் தச்சு ஒரு சட்டையை, ஒரு போர்வையை நாலு தலைமுறைக்குக் கொண்டு போவாங்க. ராத்திரி போத்திக்கிட்டுப் படுக்கற தோன்ஜான்னு ஒரு பெரிய அங்கி, சிலது 10 கிலோவைத் தாண்டும், அதுக்குள்ள குடும்பமே ஒண்ணா புகுந்து படுத்திருக்காங்க. தனாகா சூஸாபுரோன்னு ஒருத்தர் (1933–2013) கிராமம் கிராமமா நடந்து இதையெல்லாம் சேத்தார், அதுல 786 உருப்படியை ஜப்பான் அரசு நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தா அறிவிச்சிருக்கு. அவர் சேத்ததுல எனக்கு மறக்கவே முடியாதது போதோன்னு ஒரு விரிப்பு, முன்னோருங்க போட்ட துணித் துண்டுகளை ஒண்ணா தச்சது, பிரசவத்தப்ப பொண்ணுங்க அதும்மேல இருந்துதான் பிள்ளை பெத்திருக்காங்க. பிறக்கற குழந்தை முதல்ல தொடறது பாட்டி, கொள்ளுப்பாட்டி போட்ட துணி.

இந்தப் போரோதான் இப்ப உலகம் பூரா பெரிய பெரிய பிராண்டுக ஜாக்கெட்லயும் ஜீன்ஸ்லயும் ஒட்டுப் போட்ட பேட்ச் வொர்க்கா வந்து நிக்குது. அந்த வீட்டுக்காரங்க இதை வெளியில காட்ட வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சிருந்தாங்கங்கறது தெரிஞ்சா, கிழியாத புதுத் துணியைக் கிழிச்சு அதுல ஒட்டுப் போட்டு விக்கறதைப் பாக்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. அதுக்காக யாரும் போடவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஒட்டுங்கறது உண்மையாவே கிழிஞ்ச இடத்துல வந்தா அது போரோவோட வாரிசு. கிழியாத இடத்துல கிழிஞ்ச மாதிரி வந்தா அது வறுமையோட படம், அவ்ளோதான்.

சரி, நல்லா நடந்ததுக்கு ஒரு உதாரணம் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது, மொன்பே. ஜப்பான் கிராமத்துப் பொண்ணுங்க வயல்ல போடற பேன்ட். இடுப்புல கட்டு, இடுப்புக்குக் கீழ தாராளம், ஏன்னா கிமோனோவோட கீழ்ப்பகுதியை உள்ள சுருட்டி விட்டுக்கணும், கணுக்கால்ல மட்டும் இறுக்கம், சேறும் பூச்சியும் உள்ள வராம. 1942-ல போர் நேரத்துல அரசாங்கமே பொண்ணுங்களுக்கான நிலையான உடைன்னு சில வகைகளை அறிவிச்சது, அதுல மொன்பேயும் ஒண்ணு, கொஞ்ச நாள்லயே நகரத்துப் பொண்ணுங்களும் அதுக்குள்ளதான். அதுனால அந்தத் தலைமுறைக்கு மொன்பேன்னா பசி, குண்டுவீச்சு, ஓடி ஒளியறது இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு உடுப்புக்கு இதைவிடப் பெரிய சுமை இருக்க முடியாது, போர் முடிஞ்சதும் நகரத்துல எல்லாரும் அதைக் கழட்டிப் போட்டாங்க, வயல்ல மட்டும் பாட்டிமாருங்க விடாம போட்டுக்கிட்டு இருந்தாங்க.

தெற்குல ஃபுகுவோகா மாகாணத்துல குருமேன்னு ஒரு ஊரு, அங்க கசூரின்னு ஒரு துணி, நம்ம பாஷையில சொன்னா இக்கத் வகை, நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் போட்டு அப்புறம் நெய்யறது. அதைத் தொடங்கினது இனோவே தென்னுங்கற ஒரு சின்னப் பொண்ணு, 1788-ல பொறந்தவ, 12 வயசு 13 வயசு இருக்கும்போது ஒரு பழைய நீலத்துணியில அங்கங்க சாயம் போயி வெள்ளைப் புள்ளி இருக்கறதைப் பாத்து, இது எப்படி வந்துச்சுன்னு அந்தத் துணியை இழை இழையா பிரிச்சுப் பாத்து, அதே புள்ளி வர்ற மாதிரி நூலைக் கட்டிச் சாயம் போட்டு நெஞ்சிருக்கா. தேஞ்சு போன துணிதான் அந்தப் பெரிய கலைக்கே குருன்னு நினைச்சாலே எனக்குச் சிலிர்க்கும். கையால நெய்யற அந்தத் தொழில்நுட்பத்தை 1957-ல நாட்டோட முக்கியமான கலைச் சொத்தா ஜப்பான் அங்கீகரிச்சது. ஆனா வாங்க ஆள் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, கிமோனோவே யாரும் போடறதில்லையே.

அங்க பக்கத்துல யாமேங்கற ஊர்ல 2012-ல ஆரம்பிச்ச உனாகி நோ நெடோகோன்னு ஒரு கடை, விலாங்கு மீனோட படுக்கைன்னு அர்த்தம், நீளமா ஒடுக்கமா இருக்கற வீட்டை ஜப்பான்ல அப்படிச் சொல்லுவாங்க. இவங்க குருமே கசூரித் துணியில மொன்பே தச்சு விக்க ஆரம்பிச்சாங்க. என்ன மாத்தினாங்க? அகலத்தைக் குறைச்சாங்க, இப்ப யாரும் உள்ள கிமோனோவைச் சுருட்டி விடப் போறதில்ல, அதுக்குன்னு விட்டிருந்த இடம் தேவையில்ல. காலை ஒல்லியாக்கினாங்க. எதை மாத்தல? துணி, இடுப்போட சௌகரியம், கணுக்கால், உக்காந்து எந்திரிக்கற அந்த சுதந்திரம். ஜப்பானோட ஜீன்ஸ்னு பேர் வச்சு வித்தாங்க. இதுல எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது, அந்த மொன்பேயோட பேட்டர்ன் பேப்பரையும் சேத்தே விக்கறாங்க, துணி வாங்கி வீட்லயே தச்சுக்கலாம். ஏன்னா மொன்பேங்கறது காலம் காலமா வீட்ல தச்சுக்கிட்டதுதானே, கடையில வாங்கற ஐட்டம் இல்லையே. தறிக்காரங்களுக்கு வேலை கிடைக்குது, போடறவங்களுக்கு உடம்பு நோகாத பேன்ட் கிடைக்குது, தைக்கத் தெரிஞ்சவங்களுக்கு வழியும் திறந்தே இருக்கு. காரணம் போன இடத்தை மட்டும் வெட்டினாங்க, காரணம் இருக்கற இடத்துல கத்தரியே வைக்கல, இதுதான் நான் சொல்ற அந்த வித்தியாசம்.

இங்கிலாந்துக் கதை வேற மாதிரி. அங்க 18, 19ஆம் நூற்றாண்டுல வண்டியோட்டிங்க, ஆடு மேய்க்கறவங்க, பண்ணைக் கூலிங்க போட்ட மேலங்கி ஸ்மாக். முழுக்க நீள்சதுரமும் சதுரமுமா வெட்டினது, வளைவா வெட்டவே மாட்டாங்க, அதுனால துணி வீணாகாது. ஆனா சதுரமா வெட்டினா உடம்புக்கு எப்படிப் பொருந்தும், அதுக்குத்தான் ஸ்மாக்கிங். மார்லயும் முதுகுலயும் கை மணிக்கட்டுலயும் துணியைச் சின்னச் சின்ன மடிப்பா சுருக்கி, அந்த மடிப்போட தலையில மட்டும் எம்பிராய்டரி நூலால பிடிச்சுத் தைப்பாங்க. எலாஸ்டிக் பழக்கத்துக்கு வராத காலத்துல அதுதான் எலாஸ்டிக், கை நீட்டினா விரியும், விட்டா சுருங்கும். சில வகை ஸ்மாக் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும், முன்பக்கம் அழுக்கானா திருப்பிப் போட்டுக்கலாம். இன்னொரு விஷயம் சொல்லணும், எல்லா ஸ்மாக்கும் பொண்டாட்டி புருஷனுக்கு ஆசையா தச்சுக் கொடுத்ததுன்னு ஒரு நினைப்பு இருக்கு, அப்படி இல்ல, ரெடிமேடா விக்கற வியாபாரம் பெருசா இருந்துச்சு, நியூவார்க் மாதிரி ஊர்கள்ல இருந்து வியாபாரிங்க துணி கொடுத்து விட, பொண்ணுங்க வீட்ல உக்காந்து உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலிக்குத் தச்சாங்க. கைவேலைன்னா அன்பு மட்டும்தான்னு நம்பிக்கிட்டு இருந்தா அந்தக் கூலி நம்ம கண்ணுக்குத் தெரியாமலே போயிடும்.

வயலுக்கு மெஷின் வந்ததும் தொளதொள ஸ்மாக் ஆபத்தாயிடுச்சு, சக்கரத்துல மாட்டும், 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள கூலிங்க அதை விட்டுட்டாங்க. சரியா அதே நேரத்துலதான், லண்டன்ல லிபர்டி கடை 1884-ல உடைப் பிரிவு ஆரம்பிச்சு, வசதியான வீட்டுப் பொண்ணுங்களுக்கும் குழந்தைங்களுக்கும் ஸ்மாக்கிங் வச்ச பட்டு கவுன் எல்லாம் விக்க ஆரம்பிச்சது. இதைக் கேட்டா, உழைக்கறவங்க கழட்டிப் போட்டதை வசதியானவங்க எடுத்து மாட்டிக்கிட்டாங்கன்னு தோணும், உண்மைதான், ஆனா அதுல இன்னொரு பக்கமும் இருக்கு. அப்ப பொண்ணுங்க கார்செட்டுங்கற இறுக்கமான இடுப்புக் கச்சைக்குள்ள மூச்சு முட்டிக்கிட்டு இருந்தாங்க, அதை எதிர்த்து உடைச் சீர்திருத்தம் பேசினவங்க இருந்தாங்க, 1881-ல லண்டன்ல அதுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. எலும்பு வச்சு இறுக்கி உடம்பை அடக்கறதுக்குப் பதிலா துணி உடம்போட சேந்து விரிஞ்சு சுருங்கற ஸ்மாக்கிங் அவங்களுக்கு உண்மையாவே ஒரு விடுதலையா இருந்துச்சு. ஆக அந்தப் பதில் கூடவே வந்துச்சு, வண்டிக்காரனுக்குக் கை வீச உதவினது, அவங்களுக்கு மூச்சு விட உதவுச்சு. குழந்தைங்க கவுன்ல இன்னைக்கும் அந்த மார்புச் சுருக்குத் தையல் வருதே, அது இதோட மிச்சம்தான், அங்கயும் அது வேலை செய்யுது, குழந்தை வளர வளர விரிஞ்சு கொடுக்குது.

இந்த நேரக் கணக்கைக் கவனிச்சீங்களா, கோகின்ல ரயில் வந்து வழக்கம் செத்தப்புறம் புகழ் வருது, ஸ்மாக்ல வயல் விட்டதும் கடை பிடிக்குது. ஜீன்ஸ்லயும் கிட்டத்தட்ட அதேதான். ஜேக்கப் டேவிஸ்னு அமெரிக்காவுல ரீனோ ஊர் டெய்லர், வேலைக்காரங்க பேன்ட் பாக்கெட் ஓரம் கிழிஞ்சுக்கிட்டே இருக்குன்னு அங்க செம்பு ரிவெட் அடிச்சார், 1873 மே 20-ல அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேந்து அதுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. லீவைஸ் பொண்ணுங்களுக்குன்னு தனியா ஜீன்ஸ் விட்டது 1934-ல, 61 வருஷம் கழிச்சு. அதை ஃபேஷனா வாங்கினவங்கள்ல பெரிய பங்கு, கிழக்குப் பக்கத்து நகரங்கள்ல இருந்து மேற்குப் பண்ணைகளுக்கு லீவுக்குப் போயி கொஞ்ச நாள் குதிரை ஓட்டிட்டு வந்தவங்க. வேலையில இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கறவங்களுக்குத்தான் வேலைத்துணி அழகாத் தெரியுது, முதுகு வலிக்கறவங்களுக்கு அது வெறும் துணி. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா தள்ளி நின்னு பாக்கறோங்கற நினைப்பு நமக்கு இருக்கணும்.

தள்ளி நிக்காம வீட்டுக்குள்ள இருந்தே பாத்த ஒருத்தங்க கிளேர் மெக்கார்டெல். அமெரிக்க டிசைனர். 1942-ல போர் நேரம், வீட்டு வேலைக்கு இருந்த ஆளுங்க ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க, வசதியான வீட்டுப் பொண்ணுங்களும் தாங்களே சமைச்சுப் பெருக்கணும், அதுக்கு ஏத்த ஆனா பாக்கவும் நல்லா இருக்கற ஒரு டிரெஸ் வேணும்னு ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகை கேட்டுச்சு. இவங்க செஞ்சது பாப்ஓவர் டிரெஸ், டெனிம் துணி, சுத்திக் கட்டிக்கறது, அளவு அட்ஜஸ்ட் ஆகும், முன்னாடி பெரிய பாக்கெட், கூடவே இணைச்ச ஒரு அடுப்புக் கையுறை. விலை 6.95 டாலர். பல்லாயிரக்கணக்குல போச்சு. அவங்க மறைக்காம வெளியில காட்டின ரெட்டைத் தையல், உலோகக் கொக்கி, பாக்கெட் எல்லாமே வேலைத்துணியில இருந்து வந்ததுதான். பொண்ணுங்க செய்யற வீட்டு வேலையும் வேலைதான்னு ஒத்துக்கிட்ட டிரெஸ் அது. ஆம்பளைங்க வேலைத்துணியைச் சின்னதாக்கி, பாக்கெட்டைத் தச்சு மூடி, இடுப்பைப் பிடிச்சு விக்கற இப்போதைய வழக்கத்தோட இதை வச்சுப் பாத்தா 80 வருஷம் பின்னாடி போயிட்டோமோன்னு தோணுது. வேலைத்துணி மாதிரி இருக்கற ஜாக்கெட்ல பொய்ப் பாக்கெட் வைக்கறதை என்னால ஏத்துக்கவே முடியல.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரல. வருஷக்கணக்கா உழைச்ச துணி மங்கற மாதிரி புதுத் துணியை மங்க வைக்கறது. ஜீன்ஸ் மேல மணலை அழுத்தத்துல பீய்ச்சி அடிச்சா தொடையில முழங்கால்ல வெளுத்துப் போகும், பழசு மாதிரி தெரியும். அந்த மணல் தூசியில சிலிக்கா, அதைச் சுவாசிச்ச தொழிலாளிங்களுக்கு சிலிக்கோசிஸ், சுரங்கத்துல வேலை செய்யறவங்களுக்கு வர்ற நுரையீரல் வியாதி, திரும்ப குணமாகாது. துருக்கியில இளம் வயசுப் பசங்களே இதுல செத்திருக்காங்க, 2009-ல அந்த நாடு ஜீன்ஸுக்கு இப்படி மணல் அடிக்கறதைத் தடை செஞ்சது, 2010-ல லீவைஸும் ஹெச் அண்ட் எம்மும் நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. உழைச்ச மாதிரி ஒரு தோற்றத்துக்காக உண்மையா உழைக்கறவன் உயிரை வாங்கறது, இதுக்கு மேல நான் என்ன எழுதறது.

இப்ப அந்த ஹேண்ட்மேட் இன்ஸ்பயர்டுக்கு வருவோம். ஏன் இப்படி ஒரு சொல் வந்துச்சுன்னா, கையால தைக்க ஆகற நேரம்தான் காரணம். கோகின் மாதிரி இழை எண்ணித் தைக்கறது ஒரு மேல்சட்டைக்கே குளிர்காலம் முழுக்க ஓடும். நியாயமான கூலி போட்டா விலை எங்கயோ போயிடும், சீசனுக்குச் சீசன் மாத்தற வியாபாரம் அதைத் தாங்காது. அதுனால மெஷின்ல இடைவெளி விட்டுத் தைக்கறது, அதுக்குன்னே கைத்தையல் மாதிரி விட்டு விட்டு விழற தையல் மெஷினும் இருக்கு, இல்ல ஜக்கார்டுல நெய்யும்போதே தையல் மாதிரி வர வைக்கறது, அதுவும் முடியலன்னா பிரிண்ட். இதுல மெஷின் தையலையும் நெசவையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு துணியை ஒண்ணா பிடிச்சு மெஷின்ல ஓட்டினாலும் துணி கெட்டியாகுது, கதகதப்பு வருது, காரணம் உயிரோட இருக்கு. சஷிகோன்னா துணியைக் கெட்டியாக்க வரி வரியா விட்டு விட்டுப் போடற ஜப்பான் கைத்தையல், அது மாதிரியே புடைச்ச துணியை ஜப்பான்ல ஜூடோ சீருடைக்கெல்லாம் தறியிலயே நெய்யறாங்க, பிடிச்சு இழுத்தாலும் கிழியாது. ஜப்பான் டிசைனர் இஸ்ஸே மியாகே 1970களோட தொடக்கத்துல அந்த மாதிரித் துணியை எடுத்து கோட்டு தச்சார், அதுக்கு யாரும் போலின்னு சொல்ல முடியாது. பிரிண்ட்ல மட்டும்தான் ஒண்ணுமே மிஞ்சறதில்ல.

கையாலயே செஞ்சு, கூலியும் கொடுத்து, ஃபேஷனாவும் நிக்க முடியுமான்னு கேட்டா, ஓட்சுச்சி ஊரைச் சொல்லுவேன். ஜப்பான்ல இவாத்தே மாகாணத்துக் கடலோர ஊரு, 2011 மார்ச் சுனாமியில அடிச்சுக்கிட்டுப் போன ஊர்கள்ல ஒண்ணு. முகாம்ல வேலையும் இல்லாம வீடும் இல்லாம உக்காந்திருந்த பொண்ணுங்க, பாட்டிமாருங்க, ஊசியும் நூலும் துணியும் இருந்தா போதும், சின்ன இடத்துல உக்காந்து செய்யலாம்னு சஷிகோ தைக்க ஆரம்பிச்சாங்க, அதை ஒரு திட்டமாவே நடத்தினாங்க. ஆரம்பத்துல கைக்குட்டை, டீ ஷர்ட்னு போச்சு, அப்புறம் டோக்கியோவுல குவோன்ங்கற பிராண்டுக்கு உடுப்புல தச்சாங்க, 2024-ல சஷிகோ கேல்ஸ்னு பேர் வச்சு ஸ்னீக்கர்ஸ் மேல நெருக்கமா தச்சு உலகம் பூரா பேர் வாங்கிட்டாங்க. அவங்க தச்ச ஷூவைப் பாத்தா வரி கொஞ்சம் வளைஞ்சிருக்கும், ஒவ்வொருத்தர் கைக்கும் ஒவ்வொரு இறுக்கம். அனுதாபத்துக்கு வாங்கற பொருளா இருந்தது, வேணும்னு தேடி வாங்கற பொருளா மாறினது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாப் படுது.

நீங்களே ஒரு வேலைத்துணி வடிவத்தை எடுத்து உங்களுக்குத் தச்சுக்கறதா இருந்தா, இல்ல டெய்லர்கிட்ட கொடுக்கறதா இருந்தா, முதல்ல அந்த வடிவம் எப்படி அசையுதுன்னு பாருங்க. ஜப்பான் துணி ஏறக்குறைய 36 செ.மீ. அகலத்துல தறியில இருந்து வரும், அதை வளைக்காம நேரா வெட்டித்தான் எல்லா உடுப்பும், அதுனால தையலைப் பிரிச்சுத் துவைச்சு மறுபடி தச்சுக்கலாம், துண்டு இடம் மாத்திக்கலாம். தோள் இறங்கி விழறது அந்த நேர்வெட்டால வர்றது. அதைப் பொண்ணுங்க உடம்புக்கு மாத்தறேன்னு மார்புல டார்ட் பிடிச்சு, அதாவது துணியைக் கூம்பா மடிச்சுத் தச்சு, கைக்குழியை வளைச்சு வெட்டினா, தோற்றம் எடுப்பா வரும், ஆனா கை தூக்கும்போது சட்டை முழுக்க மேல ஏறும், பிரிச்சுத் தைக்கற வசதியும் போயிடும். அதுக்குப் பதிலா அக்குள்ல ஒரு சின்ன சதுரத் துண்டு வச்சுத் தைக்கறது, பக்கத்துல கீறல் விடறது, பின்னாடி கட்டு வச்சு இடுப்பைச் சுருக்கிக்கறது, இப்படிச் செஞ்சா நேர்வெட்டும் இருக்கும், உடம்புக்கும் பொருந்தும். இங்கிலாந்துக் கடலோர மீனவருங்க போட்ட கான்சி ஸ்வெட்டர்லயும் இதே அக்குள் துண்டு வரும், பின்னலோடயே. அதுல இன்னொரு சாமர்த்தியம், கையைத் தோள்ல இருந்து ஆரம்பிச்சு மணிக்கட்டுப் பக்கம் கீழ பின்னிக்கிட்டு வருவாங்க, முதல்ல தேயறது மணிக்கட்டுதானே, தேஞ்ச வரைக்கும் உருவிட்டு அங்க இருந்து மறுபடி பின்னிக்கலாம்.

சஷிகோ தையல் போடறதா இருந்தா எங்க போடறதுன்னு யோசிச்சுப் போடுங்க, முழங்கை, பாக்கெட் வாய், பை மாட்டற தோள், உக்கார்ற இடம். வெளியில தெரியற தையல் உள்ள இருக்கறதைவிடக் கொஞ்சம் நீளமா, 3க்கு 2ங்கற கணக்குல வந்தா அந்த அரிசி மணி அழகு தானா வரும். ஒரு வரி முடிஞ்சதும் விரலால துணியை நீவி நூலைச் சமமா இழுத்து விடணும், இல்லன்னா துணி சுருங்கிக்கிட்டு நிக்கும், திரும்பற முனையில உள்பக்கம் ஒரு சின்ன வளையம் மாதிரி நூலைத் தளர்வா விட்டுடுங்க. துணியைத் தைக்கறதுக்கு முன்னாடியே துவைச்சுச் சுருங்க விட்டுடுங்க. கருநீலமா இருந்தா தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசிட்டு அப்புறம் வெள்ளை நூலை எடுங்க, சாயம் ஏறினாலும் ஏறும், ஏறினா அந்த வெள்ளை லேசா நீலம் பாஞ்சு இருக்கும்.